நீதிபோதனை வகுப்பு யாருடையது?

தியானப் பகுதி: யோவான் 9ஆம் அதிகாரம்; உபாகமம் 6:4-9



பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்தவர்களைப் பலிபீடத்தின் முன் அழைத்து அவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையின் வழக்கம். இவ்வாண்டு மூவர் முழங்காற்படியிட்டார்கள். ஒருவர் அம்பத்தூரில் திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் கணித ஆசிரியர். மற்றொருவர் ஆவடிக்கு அப்பாலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். மூன்றாமவர் பூந்தமல்லியில் ஒரு தனியார் பள்ளியில் தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கும் சகோதரி. ஆராதனை முடிந்தபின் தேநீர்க் குவளையுடன் நின்றுகொண்டிருந்த என்னிடம் கணித ஆசிரியர் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார்.

"ஐயா, நான் புதியவன், எனக்குப் பாடவேளையும் குறைவு. அதனால் நீதிபோதனை வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் எழுந்து வேதபாட வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். மீதமிருக்கும் நாற்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? அதை யார் தீர்மானிக்கிறார்கள்?"

அந்தக் கேள்வி எங்களை ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்திவைத்தது. மூவரும் மூன்று விதமாகப் பேசினார்கள். பள்ளியைக் கட்டியது திருச்சபை. ஆகையால் அங்கே எது போதிக்கப்பட வேண்டும் என்பதைத் திருச்சபையே தீர்மானிக்க வேண்டும் என்றார் கணித ஆசிரியர். அவர் குரலிலேயே ஒரு தயக்கம் இருந்தது. மதம் பள்ளியின் வாசலுக்கு வெளியே நிற்பதே எல்லாருக்கும் பாதுகாப்பு, அரசு வகுத்ததற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றார் அரசுப் பள்ளி ஆசிரியர். சகோதரி நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "திருச்சபை, அரசு, நிர்வாகம் என்று எல்லாரையும் சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகளின் தாய் தகப்பனையும், வகுப்பில் நிற்கிற எங்களையும் யாரும் கேட்பதில்லையே" என்றார். அந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. அதனால் இவ்வாரத் தியானத்தை அதற்கென்றே ஒதுக்குகிறேன்.

நம் நகரத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் பெயர் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. தன்னம்பிக்கை உரையாற்ற அங்கே வரவழைக்கப்பட்ட மகாவிஷ்ணு என்னும் பேச்சாளர் முற்பிறவியையும் கர்மவினையையும் குறித்து மாணவிகளிடம் பேசினார். உடற்குறையோடு பிறப்பதும் வறுமையில் பிறப்பதும் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்னும் பொருள்பட அவர் பேச்சு அமைந்தது. அப்பொழுது தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளியில் இப்படிப் பேசலாமா என்று எதிர்த்துக் கேட்டார். அவர் பார்வைத்திறன் அற்றவர். மேடையிலிருந்தவர் அவரோடு வாதாடினார். பின்னர் அந்தப் பேச்சாளர் கைது செய்யப்பட்டதையும், அவரை அழைத்த இரு பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டதையும், பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று அரசு அறிவித்ததையும் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள்.

அந்தச் செய்தியை வாசித்தபோது யோவான் எழுதின சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் என் கண்முன் வந்து நின்றது. பிறவிக் குருடனாகிய ஒரு மனிதனைச் சீஷர்கள் காண்கிறார்கள். அவன் இப்படிப் பிறந்ததற்கு யார் செய்த பாவம் காரணம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று போதகரைக் கேட்கிறார்கள். அசோக் நகர் மேடையில் எழுந்த அதே கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எருசலேமின் தெருவில் எழுந்திருக்கிறது. கேட்டவர்கள் அந்நியரல்லர், இயேசுவின் சொந்தச் சீஷர்களே. ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். காரணம் தேடிக் குற்றஞ்சாட்டும் வழியை அடைத்து, தேவனுடைய கிரியை வெளிப்படும் இடமாக அம்மனிதனைக் காண்பித்தார்.

அந்த அதிகாரத்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அவனுடைய பெற்றோர். மகன் எப்படிப் பார்வையடைந்தான் என்று பரிசேயர் விசாரிக்கும்போது, அவனுக்கு வயது வந்திருக்கிறது, அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்ற பயம். மற்றொன்று, பரிசேயர் அவனிடம் கடைசியாகச் சொல்வது. பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்க வந்தாயா என்று சினந்து, அவனைப் புறம்பே தள்ளுகிறார்கள். யார் போதிக்கலாம் என்பதைத் தாங்களே தீர்மானிக்கிறவர்கள் என்று அவர்கள் எண்ணினார்கள். அன்று உண்மையைப் போதித்தவனோ அவர்கள் காலடியில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்தவன்.

சபையாரே, அந்தத் தமிழாசிரியரின் துணிவை நாம் மெச்சுவது எளிது. பேசியது பிற சமயப் பேச்சாளர் என்பதால் நமக்கு அது இன்னும் எளிது. ஆனால் இந்த அளவுகோலை நம் பக்கம் திருப்பாவிட்டால் நாமும் அந்த விசாரணைக் கூடத்தில் உட்கார்ந்திருப்போம். ஆகவே என் பாவம் ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட வேண்டியவனாயிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு பள்ளியின் காலைக் கூடுகையில் பேச அழைக்கப்பட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் கிறிஸ்தவரல்லாதோர் என்பது எனக்குத் தெரியும். பேச்சின் முடிவில் எல்லாரையும் கண்களை மூடச் சொன்னேன். இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். ஏராளமான கைகள் உயர்ந்தன. அன்று பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். சபையில் சாட்சியாகவும் சொன்னேன். மறுவாரம் ஒரு தாய் தன் எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். கோபமாகப் பேசவில்லை. "ஐயா, கை தூக்கினேன், இனிமேல் நம் வீட்டுச் சாமியைக் கும்பிட்டால் பாவமா என்று கேட்டு இரண்டு நாளாக அழுகிறாள். நீங்கள்தானே சொன்னீர்கள், நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதிலில்லை. அந்தப் பிள்ளை கை உயர்த்தியது விசுவாசத்தினாலன்று. பெரியவர் ஒருவர் சொன்னார், பக்கத்திலிருந்தவர்கள் தூக்கினார்கள், ஆசிரியர்கள் சுற்றி நின்றார்கள். எழுந்துபோக அவளுக்கு வழியில்லை. அந்தத் தாயும் பள்ளியில் போய்க் கேட்கவில்லை. மகளுக்கு இடையூறு வருமோ என்ற பயம். யோவான் ஒன்பதின் பெற்றோரைப் பயமுறுத்தியவர்கள் யார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கிற்று.

நம் நாட்டின் அரசியலமைப்பு இந்தப் பிள்ளையை நினைத்தே எழுதப்பட்டது போன்ற ஒரு பிரிவைக் கொண்டிருக்கிறது. அதன் 28ஆம் பிரிவின்படி, முழுவதும் அரசு நிதியால் நடத்தப்படும் கல்வி நிறுவனங்களில் மதப் போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பிற நிறுவனங்களில் அது நடக்கலாம். ஆனால் எவரையும் அதில் பங்குபெறும்படி கட்டாயப்படுத்தலாகாது. மாணவர் வயது வராதவராயின் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினராகிய நமக்கு வழங்கும் 30ஆம் பிரிவை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதற்கு இரண்டு பிரிவு முன்னால் நிற்கும் 28ஐக் குறித்து எத்தனை முறை பேசியிருக்கிறோம்? நம் பள்ளிகளில் எத்தனை, வழிபாட்டுக்கோ போதனைக்கோ பெற்றோரின் சம்மதத்தைத் தெளிவாகக் கேட்டுப் பெறுகின்றன?

இந்தச் சுதந்தரம் நமக்கு எதிரானதன்று. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், மனச்சாட்சியினிமித்தம் பாட மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்களுடைய உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு பள்ளிப்பிள்ளையின் மனச்சாட்சிக்கு இந்நாட்டில் மதிப்புண்டு என்று நிலைநாட்டப்பட்டபோது, நம் பிள்ளைகளுக்கும் அது வேலியாயிற்று. நமக்கு வேலியாயிருப்பதை அயலானுக்குத் திறந்துவிடச் சொல்வது நியாயமன்று.

சென்னை இந்த வழக்கை முன்பே ஒருமுறை வாதாடியிருக்கிறது. 1846இல் சென்னை மாகாண ஆளுநராயிருந்த ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடநூலாக வைக்கலாம் என்று முன்மொழிந்தார். நகரத்து இந்துப் பெருமக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் குழு 1847இல் அதை ஏற்க மறுத்தது. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, பள்ளி நூலகத்தில் வேதாகமம் இருக்கலாம், மாணவர் தாமாக விரும்பிக் கேட்டால் ஆசிரியர் பள்ளி நேரத்துக்குப் புறம்பே விளக்கலாம் என்ற அளவில் நின்றது. ஆட்சியும் அதிகாரமும் கிறிஸ்தவர்கள் கையில் இருந்த காலம் அது. அரசின் கட்டளையால் வேதத்தை வகுப்பறைக்குள் கொண்டுசெல்ல அன்று முயன்றவர்கள் தோற்றார்கள். அதனால் சுவிசேஷம் தோற்றுப்போகவில்லை. நம் முன்னோரில் பலர் அதைப் பெற்றது ஒரு மருத்துவச் சகோதரியின் கையிலிருந்தும், ஓர் உபதேசியாரின் நடையிலிருந்தும்தான்.

அப்படியானால் அரசுப் பள்ளி ஆசிரியர் சொன்னதுபோல் மதம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதானா? அதையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. மதத்தைப் போதிப்பது ஒன்று. மதங்களைப்பற்றிக் கற்பிப்பது வேறொன்று. அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை எடுத்துரைத்து, சமயங்களைப்பற்றிய கல்வி 28ஆம் பிரிவுக்கு முரணானதன்று என்றது. இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை எடுத்துப் பாருங்கள். பெருமாள் திருமொழியும் திருவிளையாடற் புராணமும் கம்பராமாயணமும் இருக்கும் அதே நூலில், வீரமாமுனிவரின் தேம்பாவணியும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இருக்கிறது. நெற்றியில் திருநீறு அணிந்த ஒரு தமிழாசிரியர், கிறிஸ்துவின் பாடுகளைப் பாடும் விருத்தங்களுக்குக் குரல் தழுதழுக்கப் பொருள் சொல்வார். நம் வீட்டுப் பிள்ளை ஆழ்வாரின் பாசுரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும். யாரும் யாரையும் கை உயர்த்தச் சொல்வதில்லை. அயலானின் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்பதைப் பிள்ளைகள் மரியாதையோடு அறிந்துகொள்கிறார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் பல ஊர்களிலிருந்தும் பல மொழிகளிலிருந்தும் வந்து தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த அறிவு மிகவும் தேவை.

பிற நாடுகள் வேறு வழிகளை முயன்றிருக்கின்றன. இலங்கையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே பாடமாகப் படிக்கிறது. பாடநூலை அரசு வெளியிடுகிறது. தன் மரபில் பிள்ளை வேரூன்ற அது உதவும். ஆயினும், பக்கத்து இருக்கையில் இருப்பவனின் சமயத்தைக் கற்கும் வேளையில் அவன் வேறோர் அறையில் இருக்கிறான். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தந்த வட்டாரத்தில் திருச்சபைகளின் பிரதிநிதிகளும், ஆசிரியர் சங்கங்களும், உள்ளாட்சி மன்றமும் ஒரே மேசையில் அமர்ந்து சமயக் கல்விப் பாடத்திட்டத்தை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். அந்த நாட்டின் சூழல் வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மேசையில் ஆசிரியருக்கென்று ஒரு நாற்காலி சட்டத்தாலேயே போடப்பட்டது. நம் சகோதரி கேட்டது அந்த நாற்காலியைத்தான்.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விசுவாசத்தில் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு வீட்டுக்கும் சபைக்கும் உரியது. உபாகமம் ஆறாம் அதிகாரம் அந்தக் கட்டளையைத் தாய் தகப்பனிடம் கொடுக்கிறது: வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளோடு அதைப் பேச வேண்டும். அதை நாம் பள்ளி நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஞாயிறு காலையில் பிள்ளையை ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பாமல் நீட் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறோம். பிறகு பள்ளிகளில் வேதபாடம் குறைந்துபோயிற்று என்று அங்கலாய்க்கிறோம். இது உத்தமமன்று.

பள்ளியின் நீதிபோதனை வகுப்போ எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. அதில் என்ன பேசப்படும் என்பதை நிர்வாகமும், ஆசிரியர்களும், எல்லாச் சமயப் பெற்றோரும் சேர்ந்து வகுக்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நம் பள்ளிகளில் வேதபாடம் இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு அது நம் உரிமை. ஆனால் வாரத்தில் ஒரு வேளையேனும் இரு கூட்டத்தாரும் ஒரே அறையில் அமர்ந்து நன்னெறி கற்கட்டும். புதிய ஆசிரியரின் கையில் பாட அட்டவணையின் மிச்சமாக இந்த வகுப்பைத் திணிப்பதும், தேர்வு நெருங்கியதும் அதைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்வதும் நிற்க வேண்டும்.

"ஐயா, இது பிரதான கட்டளையைக் கைவிடுவதல்லவா?" என்று சிலர் கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. சகல ஜாதிகளையும் சீஷராக்கும்படி ஆண்டவர் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்; அதை நான் மறுதலிக்கவில்லை. ஆனால் அவர் எப்படிச் சீஷர்களைச் சேர்த்தார் என்றும் பாருங்கள். யோவான் ஆறாம் அதிகாரத்தில் அநேகர் பின்வாங்கிப் போனபோது அவர் கதவை அடைக்கவில்லை. பன்னிருவரிடமும், நீங்களும் போக மனதாயிருக்கிறீர்களா என்று கேட்டார். போகக்கூடிய சுதந்தரம் உள்ளவனே தங்கியிருக்கவும் கூடும். வருகைப் பதிவேட்டில் பெயருள்ள பிள்ளைக்கு அந்தச் சுதந்தரம் இல்லை. இல்லாத இடத்தில் நாம் பெறும் சம்மதம் அறுவடையாகாது. சிறியரில் ஒருவனுக்கு இடறலுண்டாக்குகிறவனைக் குறித்து மத்தேயு பதினெட்டில் ஆண்டவர் உரைத்த எச்சரிப்பு, ஆயர்களாகிய எங்களுக்கே முதலாவது பொருந்தும்.

இனி, என் அன்புக்குரிய மூன்று புதிய ஆசிரியர்களுக்கு. கணித ஆசிரியத் தம்பி, அந்த நாற்பது பேரும் உமக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டவர்கள். நல்ல சமாரியன் கதையைத் தாராளமாகச் சொல்லும், திருக்குறளையும் சொல்லும், அவர்கள் பாட்டி சொன்ன கதையையும் கேளும். முடிவில் கை உயர்த்தச் சொல்லாதேயும். நிர்வாகத்தினிடம் தாழ்மையோடு கேளும்: இந்த வகுப்புக்கு ஒரு திட்டம் வகுப்போமா என்று. அரசுப் பள்ளித் தம்பி, உம்முடைய பள்ளியில் ஜெபத்தை வகுப்பறைக்குள் கொண்டுபோகாதேயும். வகுப்பறையை உம்முடைய ஜெப அறைக்குள் கொண்டுபோம். பிள்ளைகளைப் பெயர் பெயராகச் சொல்லி ஜெபிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சகோதரியே, நீர் கேட்ட நாற்காலி உமக்குக் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிரும். பார்வையற்றவன் என்று தள்ளப்பட்டவனே அன்று எருசலேமில் போதகர்களுக்குப் போதித்தான். புறம்பே தள்ளப்பட்ட அவனை ஆண்டவர் தேடிக் கண்டுபிடித்தார்.

சபையாருக்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் சிலர் பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில், பெற்றோரின் சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். மற்றவர்கள் இன்றிரவே உங்கள் பிள்ளையோடு ஒரு சங்கீதத்தை வாசியுங்கள். என் பங்குக்கு நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு இது: எந்தப் பள்ளியில் பேச அழைக்கப்பட்டாலும், அங்கிருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் தாயும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணியே பேசுவேன்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, பிள்ளைகளை எங்கள் கைகளில் நம்பி ஒப்படைத்திருக்கிறீர். அவர்களுடைய மனச்சாட்சியின் கதவை நாங்கள் உடைத்துத் திறவாதபடி எங்களைக் காத்தருளும். புதிய ஆசிரியர்களுக்கு ஞானத்தையும், பேச வேண்டிய வேளையில் எழுந்து பேசும் துணிவையும் தாரும். எங்களால் இடறலடைந்த சிறியரைத் தேற்றும், எங்களை மன்னியும். எங்கள் வீடுகளை முதற்பள்ளியாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்